சுங்கை பூலோ: சுலபமான பாதையில் நாம் செய்யும் தவறுகள்

சுங்கை பூலோவுக்கு நான் முதன்முதலில் போனது ஓர் ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் 12 மணிக்கு. மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒன்றரை மணி நேரம் வெயிலில் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, "அப்பா, பறவையே இல்லையேப்பா" என்றாள். அவள் சொன்னது சரிதான். குளங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. நாலைந்து கொக்குகளையும் ஒரு சாம்பல் நாரையையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. நேரமும் தவறு, மாதமும் தவறு என்பது பின்னால்தான் புரிந்தது.

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், கிராஞ்சியில் இருக்கிறது இந்த ஈரநிலக் காப்பகம். சுங்கை பூலோ என்றால் மலாயில் மூங்கில் ஆறு. ஒரு காலத்தில் இங்கே இறால் பண்ணைகள் இருந்தன. 1986-இல் பறவை ஆர்வலர்கள் இந்தக் குளங்களில் வலசைப் பறவைகள் கூட்டமாக இறங்குவதைக் கண்டு, இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசிடம் கேட்டார்கள். 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். 2002-இல் சட்டப்படி காப்பகமானது. இன்று 202 ஹெக்டேர். காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. கடலோரப் பாதை 1.3 கிலோமீட்டர், வலசைப் பறவைப் பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். இரண்டுமே சமதரை, மலையேற்றம் எதுவும் இல்லை. வயதானவர்களும் குழந்தைகளும் நிதானமாக நடக்கலாம்.

இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் யாரும் எதையும் விசாரிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

ஏற்றவற்றம் பார்க்காமல் கிளம்புவது

பெரிய தவறு இதுதான். மற்றதையெல்லாம் போனபிறகு சரிசெய்துகொள்ளலாம், இதை முடியாது.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. வற்றும்போது வெளியே, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவிலுள்ள ஜோகூர் நீரிணை ஓரத்தில் பரந்த சேற்றுவெளி தெரியவரும். உள்ளான், உப்புக்கொத்தி வகைப் பறவைகள் எல்லாம் அங்கே புழு, நண்டு, சிப்பி தேடப் போய்விடும். அந்த நேரத்தில் காப்பகத்துக் குளங்களைப் பார்த்தால் காலியாகத்தான் தெரியும். தண்ணீர் ஏறிச் சேறு மூழ்கியதும் பறவைகளுக்கு நிற்க இடமில்லை. அப்போதுதான் கூட்டம் கூட்டமாகக் குளங்களுக்குள் வந்து இறங்கும். பழைய இறால் பண்ணைக் காலத்தின் மதகுகளை வைத்தே இன்றும் குளத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். வெளியே கடல் நிரம்பியிருக்கும்போது உள்ளே பறவைகள் நிற்கச் சேறு கிடைப்பது அதனால்தான். இறாலுக்காக வெட்டிய குளம் இன்று சைபீரியாவிலிருந்து வரும் பறவைக்கு ஓய்விடமாக இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஆகவே பறவைகளைப் பார்க்க வேண்டுமானால், ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே பறவை பார்க்கும் குடிலில் போய் உட்கார்ந்துவிடுங்கள். ஏற்றவற்ற நேரங்கள் இணையத்திலேயே கிடைக்கும். நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். போன சனிக்கிழமை நண்பர் போன நேரத்துக்கே இந்தச் சனிக்கிழமை நீங்கள் போனால் அவர் பார்த்தது உங்களுக்குக் கிடைக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும்.

பறவை முக்கியமில்லை, குழந்தைகளுக்குச் சேற்று உயிர்களைக் காட்ட வேண்டும் என்றால் நேர்மாறாக, தண்ணீர் வற்றியிருக்கும்போது போங்கள். துடுப்புகளை ஊன்றிச் சேற்றில் தாவித் தாவிப் போகும் மீன்கள், மரம் ஏறும் நண்டுகள், சேற்று இறால் தோண்டிக் குவித்த, எரிமலை போன்ற மண்மேடுகள் எல்லாம் அப்போதுதான் தெரியும். என் மகள் இப்போதும் பறவையைவிட அந்த மீனைத்தான் அதிக நேரம் பார்ப்பாள். கைப்பிடிக்குக் கீழே சேற்றில் ஒன்று வாயைத் திறந்து இன்னொன்றை மிரட்டும்போது, முதுகுத் துடுப்பு விசிறி மாதிரி விரியும்.

மாதமும் முக்கியம். வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் இங்கே அதிகம். ஜூன் பள்ளி விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டிப்போய் உள்ளான்களைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எந்த வாசல் என்று சொல்லாமல் விடுவது

இது சின்ன விஷயம். ஆனால் காலை நேரம் பாதி இதிலேயே போய்விடும். காப்பகத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று கிராஞ்சி வே பக்கம், இன்னொன்று நியோ தியூ கிரசண்ட் பக்கம். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 பேருந்தில் வருகிறவர்களுக்கு முதலாவதுதான் வசதி. "சுங்கை பூலோ வாசலில் சந்திப்போம்" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு வாசலில் நிற்பீர்கள். பாதைகளில் ஏதாவது பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சைக்கிளுக்கும் நாய்க்கும் உள்ளே அனுமதி இல்லை.

பார்க்காமல் கை வைப்பது

பாலத்தின் மரக் கைப்பிடியில் கை வைப்பதற்கு முன் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பெரும்பாலும் அங்கே முசுறு எறும்பு வரிசை ஓடிக்கொண்டிருக்கும். இலைகளை ஒன்றோடொன்று தைத்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு கடித்தால் நன்றாகவே எரியும். அலையாத்திக் காட்டில் வாழும் விரியன் ஒன்றும் இங்கே உண்டு. கிளையிலோ கைப்பிடி ஓரத்திலோ மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அது தேடிவந்து கடிப்பதில்லை. தெரியாமல் அதன்மேல் கை வைப்பதில்தான் ஆபத்து. குழந்தைகள் கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஓடுவார்கள். அதை முதலிலேயே சொல்லி நிறுத்திவிடுங்கள்.

இலையையும் பறிக்காதீர்கள். காப்பகத்தில் எதையும் பறிக்கக்கூடாது என்பது விதி. அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு, அது நம் ஆட்களுக்கு உடனே விளங்கும். இங்கே தில்லை மரம் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். மலாயில் இதற்கு 'பூத்தா பூத்தா' என்று பெயர். பூத்தா என்றால் குருடு. கோடியக்கரைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மா இந்த மரத்தைப் பார்த்ததும் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

முதலைக்கும் உடும்புக்கும் தப்பான மரியாதை

உவர்நீர் முதலைகள் இங்கே உண்மையிலேயே உண்டு. பெரிய பாலத்தின் மேலிருந்து பார்த்தால், வற்றும் நேரத்தில் ஆற்றங்கரைச் சேற்றில் ஒன்று வெயில் காய்வதைக் காணலாம். பாலத்தில் நின்று பார்க்கும்வரை பயப்பட ஒன்றுமில்லை. படத்துக்காகப் பாதையைவிட்டுக் கரையில் இறங்குவது, செல்ஃபி எடுக்கக் கைப்பிடிமேல் ஏறிச் சாய்வது, இதுதான் ஆபத்து. பாதையிலேயே எதிரில் முதலையைக் கண்டால் நெருங்காமல், கத்தாமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். பிறகு காப்பக ஊழியர்களிடம் சொல்லுங்கள்.

உடும்பு விஷயத்தில் நடப்பது வேறு. ஆள் நீளத்துக்கு ஒரு நீர் உடும்பு பாதையின் குறுக்கே படுத்திருக்கும். சிலர் முதலை என்று அலறி ஓடுவார்கள், சிலர் குச்சியால் தட்டி விரட்டப் பார்ப்பார்கள். இரண்டும் வேண்டாம். சில அடி தள்ளி நின்று காத்திருங்கள், தானாகவே நகர்ந்துபோகும். நீர்நாய்க் குடும்பம் வந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள்.

குரங்குகளுக்கு ஒரு துண்டு ரொட்டிகூடக் கொடுக்காதீர்கள். சட்டப்படி, காட்டுயிர்களுக்கு உணவு கொடுத்து முதல் தடவை பிடிபட்டால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடியும் பிடிபட்டால் 10,000 வெள்ளி வரை. ஆனால் அபராதத்தைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று குரங்கு பழகிவிடுகிறது. அப்புறம் அது யாரோ ஒரு பாட்டியின் பையைப் பிடுங்கும், அவர் தடுமாறி விழுவார், குற்றம் குரங்கின் தலையில் விழும். தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் போதும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கொசு மருந்து, தொப்பி, முழுக்கைச் சட்டை வேண்டும். சிங்கப்பூரில் ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இடிமின்னல்தான். வானம் கறுத்தால் திறந்தவெளிப் பாதையிலும் மரத்தடியிலும் நிற்க வேண்டாம், சீக்கிரமாக வருகையாளர் நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

நடந்து முடிப்பதையே குறியாக வைப்பது

கைக்கடிகாரத்தில் எத்தனை அடி நடந்தோம் என்று பார்த்துக்கொண்டே இரண்டு கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று திரும்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நடைப்பயிற்சிக்கு ஊரெல்லாம் பூங்காப் பாதைகள் இருக்கின்றன. இங்கே வந்தால் நடக்கும் நேரத்தைவிட உட்காரும் நேரம் அதிகமாக இருக்கட்டும். குடிலின் மரப் பலகையில் உட்கார்ந்து, கைபேசியை ஒலியில்லாமல் வைத்து, 20 நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்து அசந்திருக்கும் பறவையை வீணாகப் பறக்கவைப்பது பாவம்.

போன அக்டோபரில் அம்மாவைக் கூட்டிப்போனேன். அந்த முறை ஏற்ற நேரம் பார்த்துத்தான் கிளம்பினோம். குடிலுக்குள் நுழையும்போது குளத்து நடுத்திட்டில் பத்துப் பதினைந்து பறவைகள்தான் இருந்தன. தண்ணீர் ஏற ஏற, மூன்று, ஐந்து, பத்து என்று வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு விம்ப்ரெல் பறவைகள் ஒரு பக்கம், பச்சைக்கால் உள்ளான்கள் ஒரு பக்கம். திடீரென்று "டியூ-ஹூ-ஹூ" என்று ஒரு குரல். "இது நம்ம ஊருக்கு வர்ற பவளக்காலி இல்ல?" என்றார் அம்மா. அதேதான். கோடியக்கரை உப்பளங்களில் குளிர்காலம் கழிக்கும் பவளக்கால் உள்ளான் இனம் இங்கேயும் வருகிறது. செக்கச் சிவந்த கால்களில் ஒன்றை மடக்கிவைத்து, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு, காற்று வந்த திசையைப் பார்த்து எல்லாம் வரிசையாக நின்றன.

ஒன்றேகால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். மகள் எண்ணிக்கொண்டே வந்தாள், நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். நாங்கள் எழுந்தபோது தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. முதல் கூட்டம் எழும்பிக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெளியே தெரியத் தொடங்கிய சேற்றை நோக்கிப் பறந்தது.