மாஸ்டர்ஸுக்கு முன் ஒரு கணக்கு

டர்பனில் பட்டம் முடிக்கும் பிள்ளைகளே, மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் துறையின் வேலை விளம்பரங்களைப் புரட்டுங்கள். எத்தனை பேர் அதைக் கட்டாயமாகக் கேட்கிறார்கள்? மருத்துவ உளவியலாளராகப் பதிய அது இல்லாமல் முடியாது. அப்புறம் 1 ஆண்டு இன்டர்ன்ஷிப், 1 ஆண்டு சமூக சேவைப் பணி வேறு. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆக மாஸ்டர்ஸே வேண்டாம். முதுநிலை டிப்ளமா முடித்து, சம்பளத்தோடு 3 ஆண்டு ஆர்ட்டிக்கிள்ஸ் என்ற பணிப் பயிற்சி செய்து, தொழில்முறைத் தேர்வுகளையும் தாண்டினால் போதும். மற்றவர்கள் முதல் பட்டத்துக்குப் பின் வரும் 1 ஆண்டு ஆனர்ஸோடு ஆழம் பார்க்கலாம்.

பணம்தான் இடிக்கும். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதித் திட்டத்தின் உதவி பெரும்பாலும் முதல் பட்டத்தோடு சரி. ஆனர்ஸ் முதல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு முயலலாம். போட்டி கடுமை, வயது வரம்பும் உண்டு. செலவுக் கணக்கில் கட்டணத்தோடு, வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள். சாட்ஸ்வொர்த் வீட்டிலிருந்தே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போய் வந்தால் அறை வாடகையாவது மிச்சம்.