படுக்கைப்புண் வருமுன்: முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கினால் அங்கே ரத்த ஓட்டம் தடைப்படும். பல நேரம் உள்சதைதான் முதலில் சாகிறது. மேல்தோலில் புண் தெரிவது பிறகுதான். ஆகவே தோல் உரியும்வரை காத்திருக்க முடியாது.

உடம்பு துடைக்கும்போதே வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கங்கள், குதிகால், கணுக்கால், பின்மண்டை, காது மடல் எல்லாவற்றையும் பாருங்கள். ஆக்சிஜன் குழாய் போட்டிருந்தால் காதுக்குப் பின்னாலும். சிவந்த இடத்தை விரலால் 3 நொடி அழுத்தி எடுங்கள். வெளுக்கவில்லையென்றால் முதல் கட்டப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் இந்தச் சிவப்பு தெரியாது, நம் ஊரில் கோட்டைவிடுவது இங்கேதான். தடவிப் பாருங்கள்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால் அதுவும் அதே எச்சரிக்கை. அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள், தேய்த்தும் விடாதீர்கள்.

படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது வழக்கம். புரட்டும்போது முன்பு அழுந்திய இடத்தின் சிவப்பு மறையாமல் இருந்தால் அவருக்கு அந்த இடைவெளி அதிகம். முழுக்க ஒருக்களித்துப் போட்டால் எடையெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும். 30 டிகிரி சாய்வு போதும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. மல்லாந்து படுக்கும்போது கெண்டைக்கால் நீளத்துக்கும் ஒன்று கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் நிற்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டாம். அதன் விளிம்பே சுற்றிலும் ரத்தத்தை அடைக்கும்.

நேரம் தவறாமல் புரட்டியும் புண் வருகிறதா? இழுவையைச் சந்தேகியுங்கள். தலைமாடு உயர்ந்திருந்தால் உடம்பு கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும், உள்ளே ரத்த நுண்குழாய்கள் கிழியும். சாப்பிடும்போது உயர்த்தித்தான் ஆக வேண்டும், புரையேறக் கூடாதே. அதற்கு முன் முழங்கால் பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி கழித்து 30 டிகிரிக்கு இறக்குங்கள். அக்குளில் கைகொடுத்து இழுக்காமல், தோள் முதல் தொடைவரை ஒரு துணி விரித்து இருவராகத் தூக்கி நகர்த்துங்கள்.

ஏர் பெட் போட்டாலும் புரட்ட வேண்டும். வால் எலும்புக்கு நேர்கீழே மெத்தையின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். மேலே மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று போதும். ரெக்சினும் மடித்த போர்வையும் போட்டால் மெத்தை வாங்கிய காசு வீண்.

ஈரமான டயப்பரை உடனே மாற்றி, வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லியதாகப் பூசுங்கள். ஸ்பிரிட் தோலை வறட்டும். பவுடர் ஈரத்தில் கட்டிதட்டி உராயும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ரசம் சாதம் மட்டும் போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவை மருத்துவர் சொல்லட்டும்.

தோல் உரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். குதிகாலில் காய்ந்த கறுப்புப் பொருக்கு இருந்தால் நீங்களாக உரிக்காதீர்கள்.