ஊரிலிருந்து மருந்து கொண்டுவருவோருக்கு

யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று தெரிந்தால் போதும், ரொறன்ரோவில் சொந்தக்காரர் தரும் பட்டியலில் மருந்துதான் முதலில் வரும். மாமிக்கு முழங்காலுக்குப் பூச எண்ணெய், பிள்ளை பெறப்போகும் மச்சாளுக்குப் பத்தியச் சரக்கு, பேரப்பிள்ளைக்குக் கோரோசனை, சீனி வருத்தக்காரருக்குக் குறிஞ்சாத் தூள். நானும் பல தடவை சூட்கேஸ் நிறையச் சுமந்து வந்தவள். எதைக் கொண்டுவரலாம், எதை ஊரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது பட்டுத்தான் தெரிந்தது.

பத்தியச் சரக்கைத் தயங்காமல் வாங்குங்கள். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு (சுக்கு), திப்பிலி, மஞ்சள் எல்லாவற்றையும் முழுதாகவே வாங்க வேண்டும். தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தெற்காசியாவில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயம் கலந்த சாயம் சேர்த்தது பிடிபட்டிருக்கிறது. கடையிலேயே ஒரு வேர்க்கொம்பை உடைத்துப் பாருங்கள். உள்ளே துளை இருந்து மாப்போலப் பொடி கொட்டினால் பூச்சி விழுந்துவிட்டது, அந்தச் சாக்கே வேண்டாம். நல்லதாக எடுத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கட்டுங்கள். வறுத்து இடிக்கும் வேலையை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

கோரோசனை மட்டும் வேண்டாம். கல்லில் தாய்ப்பால் விட்டு அந்தக் குளிசையை உரைத்து, சங்கில் எடுத்துப் பருக்கியபடி எங்கள் அம்மம்மா பாடியது இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். அது மாட்டின் பித்தப்பைக் கல். கஸ்தூரி சேர்த்துச் செய்வதும் உண்டு. கஸ்தூரி மானோ சர்வதேச ஒப்பந்தத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பெயரும் முகவரியும் இல்லாத காகிதச் சுருளில் வரும் குளிசையை ஒரு மாதப் பிள்ளையின் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பற்பம், செந்தூரம் போன்றவற்றிலும் இதே கவனம் வேண்டும். இவற்றில் பல, இரசம் (பாதரசம்), கந்தகம், பாஷாணம் (ஆர்சனிக் போன்ற நஞ்சு) சேர்த்து முடிக்கும் சித்த மருந்துகள். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வொன்றில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. உலோகமும் கனிமமும் சேர்த்தே செய்யும் இரச மருந்துகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் பத்தில் நான்கு. இவற்றை வைத்தியர் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது சாப்பிடுவது வேறு, இங்கே ரொறன்ரோ ஸ்காபரோவில் தனியாக ஒரு வருடம் விழுங்குவது வேறு.

குறிஞ்சாவில் நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். அம்மா டொக்டர் தந்த நீரிழிவுக் குளிசையோடு நான் கொண்டுவந்த தூளையும் காலை மாலை குடித்தார். ஒருநாள் விடியப்புறம் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, என் பெயரே வாயில் வரவில்லை. சுகர் 3.1 mmol/L, மிகக் குறைவு. தோடம்பழச் சாறு கொடுத்த பிறகுதான் ஆள் தெளிந்தார். இரண்டும் சீனியைக் குறைப்பவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதிமதுரமும் அப்படித்தான்: தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் குளிசை எடுப்பவருக்கு ஆகாது.

உண்மையாகவே வைத்தியம் பார்க்க விருப்பம் என்றால், ஊரில் போய் இறங்கிய கிழமையே யாழ்ப்பாணத்துக் கைதடிச் சித்த போதனா வைத்தியசாலைக்குப் போங்கள், திரும்பும் கிழமை வரை தள்ளிப்போட வேண்டாம். இங்கே எடுக்கும் குளிசைகளின் பெயரை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தரும் மருந்தில் என்னென்ன சரக்கு என்று துண்டில் எழுதித் தரக் கேளுங்கள். நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் போனாலும் இதையே கேட்கலாம், கோபிக்கமாட்டார்.

விமான நிலையத்தில் எதையும் ஒளிக்க வேண்டாம். கனடாவில் தாவரப் பொருளை அறிவிக்காமல் விட்டால் 1,300 டொலர் வரை அபராதம் வரலாம். அறிவித்தால், மிஞ்சிப்போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். செய்து முடித்த மருந்து சொந்தப் பாவனைக்கு மூன்று மாத அளவுதான். ஆகவே இங்கே உள்ள சொந்தக்காரர் எல்லோருக்கும் சேர்த்து வாங்கிவர முடியாது, மாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணெய்ப் போத்தல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பொலித்தீன் பையில் போட்டு, பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள்.