பிரசங்கியை வீட்டுக் கூட்டத்தில் நடத்துவது எப்படி: ஒரு உபதேசியாரின் கைக்குறிப்பு

வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதாகமத்தின் பிரசங்கி புத்தகத்தை எடுக்கப்போகிறேன் என்று எந்த இளம் உபதேசியார் வந்து சொன்னாலும், நான் முதலில் கேட்பது, "அந்தத் தெருவில் சமீபத்தில் துக்கம் ஏதும் நடந்ததா?" என்றுதான். காரணம் இருக்கிறது. சாத்தான்குளம் பக்கம் ஊழியத்துக்கு வந்த புதிதில், ஒரு துக்க வீட்டில் "மாயை மாயை, எல்லாம் மாயை" என்பதை எடுத்து இருபது நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசிவிட்டதாகத்தான் நினைப்பு. மூன்றாம் நாள் விசாரிக்கப் போனபோது, புருஷனை இழந்த அந்த அம்மா கேட்டார்: "அவுக கூட நாப்பது வருசம் குடும்பம் நடத்துனதும் மாயைதானா, வாத்தியாரே?" என்னிடம் பதில் இல்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஆகவே முதல் புதன்கிழமை முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே கொடுங்கள். மாயை என்றதும் நம் ஜனங்களுக்குப் பொய்த்தோற்றம் என்றுதான் கேட்கும். சித்தர் பாட்டைக் கேட்டுப் பழகிய காது. எபிரெயுவில் இருப்பது 'ஹெவெல்'. மூச்சு, ஆவி. கொடைக்கானலில் காலையில் பேசினால் வாயிலிருந்து புகையாக வருமே, அது. பொய்யில்லை, இருக்கிறது, ஆனால் நிற்காது, கைக்கு அகப்படாது. இந்தப் புத்தகத்தில் 38 முறை வருகிறது. ஆதியாகமத்தில் கொலையுண்ட ஆபேலின் பெயரும் இதே சொல்தான். யாக்கோபு நிருபம் 4:14இல் ஜீவனைப் புகைக்கு ஒப்பிடுவதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

விளக்கம் அதோடு போதும். கூட்டம் முடிந்து தருகிற கருப்பட்டிக் காபியை அன்றைக்கு மட்டும் முதலிலேயே தரும்படி வீட்டுக்கார அக்காவிடம் சொல்லிவையுங்கள். சுக்குத் தட்டிப் போட்டது என்றால் இன்னும் விசேஷம். டம்ளர்கள் வந்ததும், "ஆவி போகுது பாருங்க, பிடிங்க பார்ப்போம்" என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிடிக்கப் பார்ப்பார்கள். 1:14இல் நம் வேதாகமம் "மனதுக்குச் சஞ்சலம்" என்று சொல்லுமிடத்தில், கத்தோலிக்கர் கையில் இருக்கும் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் காற்றைப் பிடிக்க முயல்வது என்கிறது. எபிரெயுவுக்கு அதுதான் கிட்டம். அடுத்த வீட்டில் ஒரு பிரதி இருந்தால் இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் புத்தகத்தின் பெயரே 'சபை உரையாளர்'. பிறகு, "ஆறுமுன்னே குடிங்க" என்று சொல்லிவிட்டு 2:24ஐ வாசியுங்கள். புசித்துக் குடித்து, பாடுபட்டதின் பலனை அனுபவிப்பதும் தேவனுடைய கையிலிருந்து வருகிறது என்கிறாரே, அதைக் காபியை வாயில் வைத்துக்கொண்டு கேட்பது வேறு, கையைக் கட்டிக்கொண்டு கேட்பது வேறு.

உங்கள் தயாரிப்பு: முந்தின ஞாயிறு மாலை பன்னிரண்டு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. சிவப்புப் பென்சிலால் மாயையைக் கோடிடுங்கள். சந்தோஷப்படு, சாப்பிடு என்று சொல்லும் இடங்களைப் பச்சையால்: 2:24, 3:12-13, 3:22, 5:18, 8:15, 9:7-9, 11:7-9. ஏழு இடம். சிவப்பை மட்டும் பிரசங்கித்தவன்தான் அந்தத் துக்க வீட்டில் நின்ற நான். யூதர்கள் இந்தப் புத்தகத்தைக் கூடாரப் பண்டிகையில் வாசிக்கிறார்கள். அறுவடை முடிந்த சந்தோஷப் பண்டிகை அது, நம் சபையார் கூடிச் சாப்பிடும் அசனம் மாதிரி.

இரண்டாம் வாரம் 3ஆம் அதிகாரம், "ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொரு காலமுண்டு" என்பது. எல்லாருக்கும் தெரிந்தது, சீக்கிரம் முடித்துவிடலாம்.

மூன்றாம் வாரத்துக்கு 9:7-9. திராட்சரசம் என்று வாசித்ததும் பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ குடிக்கலாமா, உபதேசியார்?" என்பார். எல்லாக் கிராமத்திலும் ஒருவர் உண்டு. அவர் மனைவியும் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், அங்கேயே வழக்காடவும் வேண்டாம். மறுநாள் அவர் வீட்டுக்குப் போங்கள். கூட்டத்தில் 9ஆம் வசனத்துக்கு நகருங்கள்: "நீ நேசிக்கிற மனைவியோடே" நிலையில்லாத வாழ்வை அனுபவி என்று இருக்கிறது. மாயையான நாட்கள் என்ற சொல்லும் அதே வசனத்தில்தான். அந்தத் துக்க வீட்டு அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கே இருந்தது. நான் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆயிற்று. இப்போதெல்லாம் துக்க வீட்டுக்கு இந்த வசனத்தைத்தான் கொண்டுபோகிறேன். அதுவும் அடக்கத்தன்று கிடையாது, ஒரு மாதம் கழித்து, தனியே.

கடைசி வாரம் 12ஆம் அதிகாரம், முதுமைப் பாட்டு. வாதுமை மரம் பூத்தால் நரை, பலகணி வழியாய்ப் பார்க்கிறவர்கள் கண்கள் என்று நீங்களாக அவிழ்த்துவிடாதீர்கள். மெதுவாக வாசித்து நிறுத்தி, வயதானவர்கள் முகத்தைப் பாருங்கள். போன தடவை, எந்திரம் அரைக்கிறவர்கள் கொஞ்சமானதினால் ஓய்ந்தார்கள் என்று வாசித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி வாயைத் திறந்து விரலால் காட்டினார்.

"எனக்கு ரெண்டு பேருதான் அரைக்காக."