நாய்க்கு வீட்டிலேயே பிஸ்கட்: கேழ்வரகும் கோழி ஈரலும்

டீக்கடையில் காலடியில் வந்து உட்காரும் நாய்க்கு இரண்டு பிஸ்கட் வாங்கிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். வீட்டு நாய்க்கும் பல பேர் அதையேதான் கொடுக்கிறோம், எங்கள் செவலைக்கும் மூன்று வருடம் அப்படித்தான் போனது. அதில் பெரும்பகுதி மைதாவும் சர்க்கரையும். நாய்க்கோ இனிப்பைவிட வாசனைதான் பெரிது. அதனால் நான் செய்யும் பிஸ்கட்டில் சர்க்கரை, வெல்லம், உப்பு எதுவும் கிடையாது. கோழி ஈரல் உண்டு.

கேழ்வரகு மாவு ஒன்றரை கப், கோதுமை மாவு ஒரு கப், ஈரல் 100 கிராம், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு அரை கப், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். கிழங்கு கிடைக்காத நாளில் மஞ்சள் பூசணி போடலாம், அதில் தண்ணீர் அதிகம், மாவு கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். கேழ்வரகு மட்டும் போட்டுப் பார்த்தேன், உதிர்ந்துவிடுகிறது, அதற்காகத்தான் கோதுமை. உங்கள் நாய்க்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்றால் அரிசி மாவும் இன்னொரு முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈரலைக் கழுவி வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் மிக்ஸியில் விழுதாக அரைக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். வறண்டால் ஈரல் வெந்த தண்ணீரையே தெளித்துக்கொள்ளலாம். அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, கத்தியால் மூன்று சென்டிமீட்டரைவிடச் சற்றுப் பெரிய சதுரங்களாக வெட்டினால் ஏறத்தாழ 80 துண்டு வரும். ஓவனை 170 டிகிரியில் சூடாக்கி 25 முதல் 30 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் மேலே சிவந்ததைப் பார்த்து எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன், மூன்றாம் நாள் திறந்தால் ஒரே புளிப்பு வாடை, உடைத்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாகப் பூஞ்சை. மொத்தமும் குப்பைக்குப் போனது. வெந்தது வேறு, காய்ந்தது வேறு. வெந்தபின் ஓவனை 100 டிகிரிக்கு இறக்கி இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள், பிறகு அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிடுங்கள். ஒன்றை உடைத்தால் டக்கென்று முறிய வேண்டும், நடுவில் கருத்த ஈரக் கோடு தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி உள்ளே.

ஓவன் இல்லையா? பழைய குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் கல் உப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் தட்டு. பத்து நிமிடம் சூடாக்கிவிட்டுத் தட்டை வைத்துச் சிறு தீயில் 40 நிமிடம். மிச்ச ஈரத்துக்குத் தோசைக்கல்லில் பொறுமையாகத் திருப்பிப் போட்டு எடுங்கள்.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஈரல் மிச்சமாயிற்றே என்று குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிச் சேர்க்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், அறிகுறி தெரியச் சில நாள்கூட ஆகலாம், அதனால் யாரும் அந்தச் சாப்பாட்டைச் சந்தேகப்படுவதில்லை. திராட்சை, உலர் திராட்சை இரண்டும் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு நஞ்சு, அதை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும், கோகோ பவுடர் அதைவிட மோசம். கேக் மசாலாவில் வரும் சாதிக்காயும் வேண்டாம். வேர்க்கடலை வெண்ணெய் போடுபவர்கள் புட்டியின் பின்பக்கம் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) என்று இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், அது உள்ளே போனால் அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை படுகுழிக்கு இறங்கலாம். 'எங்கள் நாய் சாப்பிட்டது, ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அளவும் உடம்பும் நாய்க்கு நாய் வேறு. தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

சரி, எத்தனை கொடுப்பது? ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. பத்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி, இந்தத் துண்டு ஒன்றில் ஏறத்தாழ 16, ஆக மூன்றுக்கு மேல் வேண்டாம். முதல் நாள் ஒன்றே ஒன்று கொடுத்து, இரண்டு நாள் வயிறு எப்படி இருக்கிறது, சொறிகிறதா என்று பாருங்கள். சர்க்கரை, சிறுநீரக, கணையப் பிரச்சினை உள்ள நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தரவே தராதீர்கள்.

காற்றுப் புகாத டப்பாவில் வெளியே நான்கைந்து நாள், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். மழைக்காலத்தில் வெளியே வைக்கவே வேண்டாம். நான் பாதியை ஃப்ரீசரில் போட்டுவிடுவேன்.

செவலைக்கு இப்போது பதினொரு வயது, கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டது, கடிக்க முடியாமல் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்கு மட்டும் சிறு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கொடுக்கிறேன். பிஸ்கட் முடிந்த பிறகு அந்தத் தண்ணீரையும் கிண்ணம் நகர நகர நக்கி முடிக்கிறாள்.