ஊரில் நிற்கும் காரை நம்பிப் போவோருக்கு

யாழ்ப்பாணம் வந்து வாடகைக் கார் எடுக்கப் போகிறேன் என்றதும் மாமா தொலைபேசியில் மனம் நொந்து போனார். "அப்பாவின்ர கார் நிக்கேக்க ஏன் தம்பி வாடகைக்கு எடுக்கிறாய்?" அந்தக் காருக்கு ரொறன்ரோவிலிருந்து காசு அனுப்பியவன் நான், அதில் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவர் மாமா. மறுக்க எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கும் இந்த அழைப்பு வரும். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பே அந்தக் காரைப் பற்றி விசாரியுங்கள்.

எங்களுடையது ஜப்பானிலிருந்து வந்த ஒட்டோமற்றிக் டீசல் கார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது என்பதால், பழைய கார்களை ஊரில் எவரும் கைவிடவில்லை. அப்பா காலமானபின் மாமரத்தின் கீழ் நின்ற இதையும் மாமா கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்ரார்ட் செய்து வைத்திருந்தார். ஆனால் எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் ஸ்ரார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தையும், கிழமை முழுவதும் கடிகாரமும் அலாரமும் உறிஞ்சுவதையும் ஐந்து நிமிட ஓட்டம் பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்காது.

அப்பாவின் ஓராண்டு நிறைவான ஆட்டைத் திவசத்துக்கு இரண்டு நாள் முன்பே கார் முரண்டு பிடித்தது. கராஜில், குளிரில் டீசல் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினார்கள். ரொறன்ரோவின் பனியில் அது முதற்காரணமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்து வெயிலில் அதை முதலில் மாற்ற விட்டிருக்கக் கூடாது. திவசத்தன்று விடியற்காலை, எள்ளும் தர்ப்பையும் வைத்த பனையோலைப் பெட்டியை மடியில் வைத்தபடி அக்கா ஏறி இருந்தா. திறப்பைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒழுங்கைப் பிள்ளைகள் ஓடி வந்து சந்தி வரை தள்ளினார்கள். ஒட்டோமற்றிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவதே எஞ்சின்தான்; எஞ்சின் நிற்கும்போது எண்ணெய் அழுத்தம் இல்லை, சில்லுகள் உருண்டாலும் எஞ்சின் சுழலாது. ஆகவே தள்ளவே வேண்டாம். திவசம் செய்யும் கீரிமலைத் தீர்த்தத்துக்கு முச்சக்கர வண்டியில் போய்ச் சேர்ந்தபோது ஐயர் அடுத்த குடும்பத்தைத் தொடங்கிவிட்டார்.

சத்தத்தைக் கவனித்திருந்தால் அந்த இரண்டு நாளை நான் இழந்திருக்க மாட்டேன். திறப்பைத் திருப்பும்போது முன்விளக்கு மங்கினால் பற்றரியையும், பச்சைப் பூத்த அதன் முனைகளையும், பற்றரியிலிருந்து போகும் ஏர்த் வயரையும் பார்க்க வேண்டும், ஓய்வில் 12.6 வோல்ற் காட்டுவது நிறைந்த பற்றரி, 12.2 காட்டினால் பாதிதான். விளக்கு மங்காமல் "டக்" மட்டும் கேட்டு, பத்தில் ஒரு தடவை பிடித்தால் ஸ்ரார்ட்டருக்குள் இருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கும். இரண்டாவது கராஜ்காரர் எங்களுடையதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் பாதிக்கு மேல் கருகி அரித்திருந்தது. சத்தமே இல்லையென்றால் கியரை நியூட்ரலுக்கு மாற்றித் திருப்பிப் பாருங்கள். அதில் பிடித்தால் கோளாறு கியர் நிலையை உணரும் சுவிச்சில். எஞ்சின் பலமாகச் சுழன்றும் பற்றாவிட்டால், அதிலும் காலையில் மட்டும் அப்படியென்றால், டீசல் குழாயில் காற்று ஏறியிருக்கலாம்: டீசல் பில்டரின் மேல் கைப்பம்பு இருந்தால் அது இறுகும் வரை அமுக்குங்கள், அடியில் தேங்கிய தண்ணீரையும் வடியுங்கள்.



நிற்கும் கார் கிழமைக்கு அரை மணி நேரமாவது வீதியில் ஓட வேண்டும். ஏன் ஐந்து நிமிடத்தோடு நிறுத்தினீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன். டீசல் விலையைச் சொன்னார். அந்தக் காசை நீங்களே மாதாமாதம் தனியாக அனுப்புங்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.