கதைப்பாட்டை எப்படி வாசிப்பது?

உப்புவெளிக் கடற்கரையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு சிலப்பதிகாரம் படிக்கும்போது, முதலில் அதன் கட்டமைப்பை எண்ணச் சொல்வேன். 3 காண்டம், 30 பகுதி: புகாருக்கு 10, மதுரைக்கு 13, வஞ்சிக்கு 7. ஊர் மாறினால் காண்டம் மாறும்.

அப்புறம் வாய்விட்டு வாசியுங்கள். கதை பெரும்பாலும் அகவல் ஓசையில், அதாவது பேசுவது போல ஓடும் ஆசிரியப்பா ஓசையில், நடக்கும். அந்த ஓசை மாறும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். 7ஆம் பகுதியான கானல்வரியில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் யாழோடு பாடுகிறார்கள். கதை நின்றுவிட்டது போலத் தோன்றும். இல்லவே இல்லை! ஒருவர் பாட்டை மற்றவர் தப்பாக எடுத்துக்கொள்ள, அங்கேதான் அவர்கள் பிரிகிறார்கள். பாட்டுத்தானே என்று தாண்டிவிடாதீர்கள்.

மூன்றாவதாக, பேசுவது யார் என்று ஒவ்வொரு பக்க ஓரத்திலும் எழுதுங்கள்: புலவரா, பாத்திரமா?